999 ரூபாய்க்கு ‘காஞ்சிபுரம் பட்டு’... போனுக்குள் நுழையத் திணறும் சட்டம்!

உங்கள் போனில் ஏதாவது ஒரு ஷாப்பிங் ஆப்பைத் திறந்து ‘காஞ்சிபுரம் பட்டுச் சேலை’ என்று தேடிப் பாருங்கள். 999 ரூபாய்க்கு ஒன்று, நாலாயிரத்துக்கு ஒன்று, நாற்பதாயிரத்துக்கு ஒன்று என்று ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். எல்லாவற்றிலும் அதே மயில், அதே கோபுர பார்டர், அதே சிரிப்போடு ஒரு மாடல்.

இன்ஸ்டாகிராமுக்குப் போனால் இன்னும் கலகலப்பு. “ப்யூர் காஞ்சிவரம் சிஸ்டர்ஸ், ஒன்லி டூ பீஸ் லெஃப்ட்” என்று லைவ் ஓடும். கீழே குட்டியாக ஒரு வரி: ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், ஓப்பனிங் வீடியோ மஸ்ட்.’

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ‘காஞ்சிபுரம் பட்டு’ என்பது யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளும் பெயர் கிடையாது. அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. மீறினால் ஜெயில்வரை போகலாம். அப்படியிருந்தும் உங்கள் போனில் அந்தப் பெயர் எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

பெயருக்கு ஒரு சொந்தக்காரர்

முதலில் அசல் எது என்று பார்த்துவிடுவோம். காஞ்சிபுரத்தின் கைவேலை ‘கோர்வை’யில் இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். இரண்டையும் மூன்று நாடா போட்டு, ஒவ்வொரு ஊடையிலும் கோத்துக்கொண்டே நெய்வார்கள். தறியில் உட்காருபவருக்கு எதிர்ப்பக்கம் நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள் வேண்டும். முந்தானை வேறு நிறமென்றால் ‘பேட்னி’. பாவு இழைகளை ஒவ்வொன்றாக இணைத்து நிறத்தை மாற்ற வேண்டும். டிசைனைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து வருகிறது. ஜரிகைக்கு சூரத். ஆக, காஞ்சிபுரத்துக்குச் சொந்தமானது நூலோ ஜரிகையோ அல்ல, நெய்யும் கை. பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து வருமே தறிச் சத்தம், அதுதான் அந்த ஊரின் சொத்து.

இந்த மாதிரி சொத்தைக் காப்பாற்றத்தான் 1999-ல் புவிசார் குறியீடு சட்டம் வந்தது. 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005-06-லேயே பதிவாகிவிட்டது. விண்ணப்பித்தது தமிழக அரசின் கைத்தறித் துறை. ‘டார்ஜிலிங் டீ’தான் நாட்டின் முதல் குறியீடு என்றால், காஞ்சி பட்டும் அந்த முதல் வரிசையிலேயே இடம்பிடித்த ஒன்று. இந்தியா முழுமைக்கும் இதைப் பதிவு செய்யும் அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்.

சட்டம் சொல்வது இதுதான்: பெயர் பதிவு உரிமையாளருக்குச் சொந்தம். அதைத் தொழிலில் பயன்படுத்த ஒரு நெசவாளரோ, கூட்டுறவுச் சங்கமோ ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். பொய்யாக அந்தப் பெயரை ஒட்டினாலும் குற்றம், ஒட்டிய பொருளை விற்றாலும் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, அதோடு அபராதமும் உண்டு.

கேட்க பயங்கரமாக இருக்கிறதல்லவா? ஆனால், இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது கதவும் ஷட்டரும் உள்ள கடை. டி.எஸ்.பி அந்தஸ்தில் உள்ள போலீஸ் அதிகாரிதான் சோதனை போட முடியும். அதற்கும் முன்னால் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தை வாங்க வேண்டும், அதன்படிதான் நடக்க வேண்டும். காந்தி ரோட்டில் ஒரு கடை என்றால் சரி, ஓனர் எங்கே ஓடிவிடப் போகிறார்? ஆன்லைன் லிஸ்ட்டிங்கை டெலிட் பண்ண எத்தனை வினாடி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இன்று மூடினால் நாளை வேறு பெயரில் வேறு அக்கவுன்ட். பதிவாளரின் கருத்து கவரில் வந்து சேர்வதற்குள் அந்தக் கடை நாலு பெயர் மாறியிருக்கும்.

‘ஸ்டைல்’ என்ற மந்திரச் சொல்

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. லிஸ்ட்டிங்கை உற்றுப் பாருங்கள். பல இடங்களில் ‘காஞ்சிபுரம் ஸ்டைல்’, ‘காஞ்சிவரம் டைப்’ என்று இருக்கும். ‘ஆர்ட் சில்க்’ என்றும் இருக்கும். (இந்த ‘ஆர்ட்’டைக் கலை என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. அது ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்பதன் சுருக்கம். செயற்கை இழை என்று சொல்லாமல் சொல்கிறார்கள்!)

‘ஸ்டைல்’ என்று சேர்த்தால் தப்பிவிடலாமா? புவிசார் குறியீடு சட்டத்தின் 22-வது பிரிவைப் படித்தால் விடை இருக்கிறது. சாதாரணமாக, ‘இது அந்த ஊரில் செய்தது’ என்று வாங்குபவரைத் தவறாக நம்பவைத்தால்தான் மீறல். ‘மாதிரி’, ‘ஸ்டைல்’, ‘போலி’ என்ற வார்த்தைகளைச் சேர்த்தாலும் மீறல்தான் என்கிற கடுமையான பாதுகாப்பு, மத்திய அரசு தனியாக அறிவிக்கை செய்யும் பொருள்களுக்கு மட்டும். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தமே அந்தக் கூடுதல் பாதுகாப்பை ஒயினுக்கும் மதுவுக்கும்தான் கட்டாயமாக்கியது. பிரான்ஸ்காரர்கள் தங்கள் பாட்டிலுக்குப் பேரம் பேசி வாங்கியதை நம் சேலைக்கு யாரும் கேட்டு வாங்கவில்லை.

ஆக, ‘ஸ்டைல்’ போட்டவரை எதிர்த்து, “இது மக்களை ஏமாற்றுகிறது” என்று யாராவது கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். யார்? 2025 ஜூனில் பிராடா நிறுவனம் மிலன் ஃபேஷன் ஷோவில் கோலாப்புரி செருப்பு போலவே ஒன்றைக் காட்டி சர்ச்சையானது நினைவிருக்கும். மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் பொதுநல வழக்குப் போட்டார்கள். அடுத்த மாதமே தள்ளுபடி. குறியீட்டின் பதிவு உரிமையாளர்கள் இருக்கும்போது நீங்கள் ஏன் வந்தீர்கள் என்பதுதான் நீதிமன்றம் கேட்ட கேள்வி. காஞ்சிபுரத்துக்கும் அதே கணக்குதான். அரசுத் துறையோ, பதிந்த சங்கமோ, நெசவாளரோ போக வேண்டும். தறியை விட்டு இறங்கினால் அன்றைய கூலி போச்சு என்று இருக்கும் மனிதர் டெல்லிக்கும் பெங்களூருக்கும் வக்கீல் வைப்பாரா?

‘நாங்க வெறும் மேடைதான்’

சரி, இந்தப் பெயரை வைத்து வியாபாரம் நடக்கும் ஆப்பைக் கேட்கலாமே? அங்கேதான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு வந்து நிற்கிறது. “நாங்கள் இடைத்தரகர். யாரோ விற்கிறார், யாரோ வாங்குகிறார். நாங்கள் இடம் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்” என்று சொல்ல அது அனுமதிக்கிறது. ஃபேஸ்புக் போஸ்ட்டுக்கும் யூடியூப் கமென்ட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு தேவைதான். அது இல்லாவிட்டால் யாரும் எதையும் எழுதவே முடியாது. ஆனால், சேலையைத் தன் கோடவுனில் வைத்து, தன் பெட்டியில் பேக் பண்ணி, தன் ஆளை வைத்து டெலிவரி செய்து, ‘உங்களுக்காகப் பரிந்துரைக்கிறோம்’ என்று நோட்டிஃபிகேஷனும் அனுப்புகிறவர் வெறும் மேடையா?

நீதிமன்றங்களும் இதில் முன்னும் பின்னுமாகத்தான் நகர்ந்திருக்கின்றன. 2018-ல் சிவப்பு அடிப்பாகத்துக்குப் பெயர்போன கிறிஸ்டியன் லூபுடான் செருப்பு வழக்கில், விற்பனையில் இவ்வளவு கை வைக்கும் தளம் இடைத்தரகர் என்று ஒதுங்கிவிட முடியாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். 2020-ல் ஆம்வே வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, சட்டத்தில் அப்படி ‘ஆக்டிவ், பாஸிவ்’ என்ற பிரிவே இல்லை என்றது. 2023-ல் கூகுள் விளம்பர வழக்கில், மற்றவர் பெயரைத் தேடல் சொல்லாக விற்றுக் காசு பார்க்கும் இடத்தில் கூகுள் சும்மா வேடிக்கை பார்க்கும் ஆள் அல்ல என்றது. இந்த மூன்றாவதுதான் நம் கதைக்கு ரொம்ப நெருக்கம். ஏனென்றால், ‘காஞ்சிபுரம்’ என்று நீங்கள் டைப் செய்யும் அந்தச் சொல்லில்தான் பணம் இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், மூன்று வழக்கிலும் சண்டை போட்டது வசதியான கம்பெனிகள். ஒரு கம்பெனிக்குச் சொந்தமான டிரேட்மார்க்குக்கு வக்கீல் உண்டு. ஓர் ஊருக்குச் சொந்தமான பெயருக்கு?

2020 ஜூலையில் வந்த இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகள் கொஞ்சம் துணிச்சலானவை. விற்பவர் யார், முகவரி என்ன என்று தளம் காட்ட வேண்டும். பொருள் எந்த நாட்டில் தயாரானது என்றும் காட்ட வேண்டும். எந்த நாடு! சீனப் பொருளை அடையாளம் காட்ட அது உதவும். நம் சேலைக்கு? சூரத் விசைத்தறியில் மணிக்கணக்கில் ஓட்டியதும் இந்தியா, பிள்ளையார்பாளையத்தில் மூன்று வாரம் நெய்ததும் இந்தியா. ‘தயாரான நாடு: இந்தியா’ என்று இரண்டு லிஸ்ட்டிங்கிலும் ஒரே வரி. ஊரைக் கேட்க வேண்டிய இடத்தில் சட்டம் நாட்டைக் கேட்கிறது.

போட்டோவில் இருக்கும் சேலை எங்கேயும் இல்லை

2025 செப்டம்பரில் ஜெமினியில் போட்டோ போட்டு, காற்றில் பறக்கும் சேலையோடு ரெட்ரோ படமாக மாற்றிக்கொண்டோமே, ஞாபகம் இருக்கா? நமக்கு அது ஜாலி. விற்பவருக்கு அது செலவு மிச்சம். மாடல் வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம். பல நேரம் சேலையே வேண்டாம். ஜரிகை மின்னும் ஒரு படத்தை உருவாக்கிவிட்டு, ஆர்டர் வந்த பிறகு அதற்குக் கிட்டத்தட்ட ஏதோ ஒன்றை அனுப்பினால் போதும்.

ஏ.ஐ படங்களுக்கு லேபிள் போட வேண்டும் என்ற விதி 2026 பிப்ரவரி 20 முதல் அமலில் இருக்கிறது. டீப்ஃபேக் பயத்தில் பிறந்த விதி அது. நிறத்தைச் சரிசெய்வது போன்ற வழக்கமான எடிட்டிங்குக்கு அதில் விலக்கு உண்டு. நியாயம்தான், ஃபில்டர் போட்ட ஒவ்வொரு செல்ஃபிக்கும் லேபிள் கேட்க முடியாது. ஆனால் சேலை வாங்குகிறவர் ஏமாறுவதே நிறத்திலும் மினுமினுப்பிலும்தானே?

இப்போது தறியின் பக்கம் வருவோம். காஞ்சிபுரத்தில் படித்த இளைய தலைமுறை சிலர் நேரடியாக இன்ஸ்டாவில் விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். இடையில் கமிஷன் இல்லை, நெய்பவர் யார் என்று வாங்குபவருக்கும் தெரிகிறது. நல்ல விஷயம். அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. புது டிசைன் தறியிலிருந்து இறங்கியதும் ஆசையாக ரீல் போடுகிறார்கள். அந்த ரீலின் ஸ்க்ரீன்ஷாட் போதும், ஜக்கார்டு மென்பொருளில் ஏற்றி சில நாளில் பாலியெஸ்டரில் ஓட்டிவிடலாம். மாதக்கணக்கில் யோசித்த டிசைன், முகூர்த்த சீசன் முடிவதற்குள் எல்லா ஆப்பிலும் கிடைக்கும்.

சட்டப் பாதுகாப்பு இல்லையா? இருக்கிறது. 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்தால் பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்து ஆண்டு உரிமை. தனிநபருக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான், ஆன்லைனிலேயே பதியலாம். ஆனால், விண்ணப்பிப்பதற்கு முன் அந்த டிசைன் எங்காவது வெளியாகியிருந்தால் அது ‘புதியது’ இல்லை. பதிவு கிடைக்காது. போட்டது திருடனாக இருக்க வேண்டியதில்லை, நீங்களே போட்ட ரீலும் வெளியீடுதான்! பதியாமல் காப்புரிமையை நம்பலாம் என்றால், தொழில்முறையில் ஐம்பது பிரதிக்கு மேல் போனதும் அதுவும் காலாவதி. மயில், யாளி, ருத்ராட்சம் போன்ற மரபு உருவங்களை யாரும் தனக்கென்று பதியவும் முடியாது. முதலில் விண்ணப்பம், பிறகு ரீல் என்ற இந்த வரிசை ஒவ்வொரு தறி வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பம் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.

கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. உச்ச நீதிமன்றமே 1993-ல் அதை உறுதி செய்தது. இப்போது பதினோரு ரகங்கள், சேலையும் அதில் உண்டு. அந்தச் சட்டத்தில் கைத்தறி என்பதற்கு விளக்கம், ‘விசைத்தறி அல்லாத எந்தத் தறியும்’. கையால் நெய்து, டிசைனை மட்டும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி தூக்கிக் கொடுத்தால்? உடம்பு நோகாமல் நெய்ய அது உதவும். எந்த இடத்தில் கைத்தறி முடிந்து விசைத்தறி தொடங்குகிறது என்று 1985-ன் ஒரு வரியை வைத்துக்கொண்டு முடிவு செய்வது கஷ்டம்.

தங்கத்துக்கு உண்டு, பட்டுக்கு இல்லை

டெக்னாலஜியைச் சட்டத்தால் பிடிக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். பிடித்த கதைகளும் இருக்கின்றன. 2022-ல் ஐ.எஸ்.ஐ தரம் இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க விட்டதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்ற 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்று, காசைக் கொடுக்கவும் சொன்னது. ‘நாங்கள் மேடை’ என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. காரணம் எளிது, குக்கருக்கு முத்திரை கட்டாயம்.

தங்கத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ் கேர்’ ஆப்பில் போட்டால் யார் செய்தது, எங்கே சோதித்தது என்று வந்துவிடும். ஒரு மோதிரத்தின் விலைக்கு மேல் போகும் முகூர்த்தச் சேலைக்கு அப்படி ஒரு கட்டாய எண் இல்லை. இருக்கும் முத்திரைகள் எல்லாம் விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்ற ரகம். அதிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும். சில்க் மார்க் இருந்தால் அசல் பட்டு என்று அர்த்தம், ஆனால் விசைத்தறியில் நெய்ததாக இருக்கலாம். ஹேண்ட்லூம் மார்க் இருந்தால் கைத்தறி, ஆனால் எந்த ஊர்க் கைத்தறியாகவும் இருக்கலாம். காஞ்சிபுரம் என்று சொல்வது புவிசார் குறியீடு மட்டும்தான். ‘சில்க் மார்க் இருக்கு, அப்போ ஒரிஜினல் காஞ்சிவரம்’ என்று லைவில் சொன்னால் நம்பாதீர்கள்.

என் கருத்து இது: புதுச் சட்டம்கூட வேண்டாம். தலைப்பில் ‘காஞ்சிபுரம்’ என்ற சொல்லைப் போட வேண்டுமென்றால், அங்கீகரிக்கப்பட்ட பயனாளரின் பதிவு எண்ணையும் போட்டாக வேண்டும் என்று இ-காமர்ஸ் விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். உணவு விற்கும் ஆப்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண்ணைக் காட்டுகின்றனவே, அதே மாதிரி. எண் இல்லாவிட்டால் அந்தச் சொல் தலைப்பில் ஏறாது. இதைச் செய்ய ஒரு சாஃப்ட்வேர் ஆளுக்கு ஒரு மதியம் போதும். ஆனால், பயனாளராகப் பதியாத அசல் நெசவாளர்கள் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள் என்ற ஆபத்து இதில் உண்டு. அதனால் விதிக்கு முன்னால் கைத்தறித் துறை தெருத் தெருவாகப் போய் முகாம் போட்டுப் பதிந்து கொடுக்க வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது நுகர்வோர் சட்டம். அது புவிசார் குறியீடு சட்டத்தைவிட உங்களுக்கு ரொம்ப நெருக்கம். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல விற்பவருக்கு உரிமை இல்லை. ‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதிவைப்பதால் மட்டும் அந்தக் கடமை போய்விடாது. தொடர்ந்து வியாபாரம் செய்பவர் இன்ஸ்டாவில் விற்றாலும் விதி விதிதான். வாங்கும் முன் லிஸ்ட்டிங்கை, விற்பவர் பெயரோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ‘ப்யூர் காஞ்சிபுரம், கைத்தறி’ என்று சாட்டில் எழுத்தாக வாங்குங்கள், வாய்ஸ் நோட் வேண்டாம். பில் கேளுங்கள். ஏமாந்தால் முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரி, 48 மணி நேரத்தில் அவர் பதில் போட வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பிறகு 1915 ஹெல்ப்லைன். அதுவும் சரிவராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் வழக்கு. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

நீங்களே ரீசெல்லராக இருக்கிறீர்களா? காலேஜ் படித்துக்கொண்டே வாட்ஸ்அப் குரூப்பில் சேலை விற்பவர்கள் நிறைய பேர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு வந்த படத்தை அப்படியே ‘காஞ்சிவரம்’ என்று ஃபார்வேர்ட் செய்தால், பொய்யான குறியீடு போட்ட பொருளை விற்ற ஆள் நீங்கள்தான். தப்பிக்க ஒரு வழி, முன்னெச்சரிக்கையாக விசாரித்தேன், யாரிடம் வாங்கினேன் என்று இதோ விவரம் தருகிறேன் என்று காட்டுவது. அடுத்த முறை மொத்த வியாபாரி ஃபோட்டோ அனுப்பும்போது, இது எந்தத் தறி, எந்தச் சங்கம், பதிவு எண் என்ன என்று ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். பதில் வருகிறதா, ‘சீன்’ மட்டும் விழுகிறதா என்று தெரிந்துவிடும்.